ஈப்பர் முதல் கைல்மோர் வரை: போரில் கலைந்த ஒரு கன்னியர் மடம் எந்த வரிசையில் மீண்டும் எழுந்தது

பெல்ஜியத்தின் ஈப்பர் நகரத்தில் ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) சபையின் அயர்லாந்துக் கன்னியர் மடம் 1665-ல் தொடங்கியது. 1914 இலையுதிர் காலத்தில் ஜெர்மன் பீரங்கிகள் அந்த ஊரைக் குறிவைத்தபோது மடத்துக்கு 249 வயது. நவம்பர் தொடக்கத்தில் கன்னியர் வெளியேறினார்கள். 1920 டிசம்பரில் அயர்லாந்தின் மேற்கே, சென்னைக்காரர்கள் நூலகப் பெயராக அறிந்திருக்கும் அதே கன்னிமாராவில், கைல்மோர் என்ற மாளிகையில் குடியேறினார்கள். இடையில் ஆறு ஆண்டுகள். பெல்ஜியத்தின் போப்பரிங்கே, இங்கிலாந்தின் ஓல்டன், பிறகு லண்டன், பிறகு அயர்லாந்தின் மக்மைன் என்று நான்கு தங்கல்கள். ஈப்பர் மடம் போரில் தரைமட்டமானது. திரும்பிப் போக இடமில்லை.

இந்த ஆய்வு கேட்பது ஒரே கேள்வி. கட்டடம், நிலம், வருமானம் எல்லாம் போன பிறகு ஒரு துறவுமடத்தில் எது முதலில் எழ வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம்? கைல்மோர் நமக்குக் காட்டுவது இது: செப ஒழுங்கும் ஆட்சி ஒழுங்கும் வியப்பூட்டும் வேகத்தில் மீண்டுவிட்டன. சிக்கல் வந்தது பிழைப்புக்காக எடுத்த முடிவிலிருந்து. அதன் விளைவு தொண்ணூறு ஆண்டுகள் நீடித்தது.

இது முதல் இடப்பெயர்வு அல்ல

இங்கிலாந்தில் கத்தோலிக்க மடங்கள் தடைப்பட்டிருந்த காலத்தில் ஆங்கிலக் கன்னியர் கடல் கடந்து மடம் அமைத்தார்கள். பிரஸ்ஸல்ஸ் மடத்திலிருந்து 1624-ல் பெல்ஜியத்தின் கென்ட் (Ghent) நகர மடம் பிறந்தது; கென்ட்டிலிருந்து 1665-ல் ஈப்பர். ஆள் சேராமல் தடுமாறிய ஈப்பர், 1682-ல் அயர்லாந்துக் கன்னியருக்கான மடமானது. 1688-ல் மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் விருப்பப்படி தலைவி மேரி ஜோசப் பட்லர் டப்ளினில் மடம் நிறுவப் போனார். 1690-ல் பாயின் போரில் ஜேம்ஸ் தோற்றதும் டப்ளின் மடம் சூறையாடப்பட்டது. பட்லர் ஈப்பருக்கே திரும்பினார். திரும்பி வர ஈப்பரில் ஓர் இடம் இருந்ததால்தான் அந்தத் தோல்வி மடத்தின் முடிவாக மாறவில்லை. புது இடம் உறுதிப்படும் முன் பழைய இடத்தைக் கைகழுவக்கூடாது என்பது துறவுமடங்களுக்குப் பழைய பாடம். 1914-ல் அந்த வாய்ப்பு யாருக்கும் கிடைக்கவில்லை.

பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் வந்தபோது அந்தப் பகுதியின் ஆங்கில பெனடிக்ட் மடங்கள் ஒவ்வொன்றாக இங்கிலாந்துக்கு ஓடின. ஈப்பர் மட்டும் இருந்த இடத்திலேயே தாக்குப்பிடித்தது. தாய்மடமான கென்ட் 1794-ல் பிரெஸ்டனுக்கும், 1811-ல் கேவர்ஸ்வால் கோட்டைக்கும், 1853-ல் ஸ்டாஃபர்ட்ஷயரின் ஓல்டனுக்கும் இடம் மாறியது. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

வாசற்படியைத் தாண்டுவது

அடைபட்ட மடத்துக் கன்னியருக்கு, அதாவது மடத்து எல்லையைவிட்டு வெளியேறாமல் வாழ்பவர்களுக்கு, சிக்கல் வாசற்படியிலேயே தொடங்கிவிடுகிறது. 1570-ல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் விடுத்த ஆணை, அடைப்பைவிட்டு வெளியேற மூன்று காரணங்களை மட்டும் ஏற்றது: பெருந்தீ, தொழுநோய், கொள்ளைநோய். போர் பட்டியலில் இல்லை. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (எண் 601) இதை விரித்து, உயிராபத்தோ மிகக் கடுமையான வேறு தீங்கோ நேரும்போது வெளியேறலாம், நேரம் இருந்தால் அந்த ஆபத்தை ஆயர் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்றது. ஈப்பர் கன்னியர் வெளியேறியது அதற்கு மூன்றாண்டு முன்பு. அவர்களில் பலர் பத்துக்கணக்கான ஆண்டுகளாகத் தெருவையே பார்க்காதவர்கள். மடத்தின் நிலவறையில் ஒதுங்கி, குண்டுச் சத்தத்துக்கு நடுவே செபத்தை நடத்தி, கடைசி வரை காத்திருந்ததற்குப் பயமின்மை மட்டும் காரணமில்லை. அடைப்பை மீறுவது அவர்களுக்குக் குண்டைவிடச் சின்ன விஷயம் அல்ல.

இன்று வழக்கில் உள்ள 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு (எண் 667), கடும் காரணத்துக்காக, மடத் தலைவியின் இசைவோடு, தேவையான காலத்துக்கு மட்டும் வெளியேற ஆயர் அனுமதிக்கலாம் என்றது; 2018-ல் வத்திக்கான் திருப்பீடம் அந்த அதிகாரத்தை மடத் தலைவியிடமே விட்டது. நடைமுறையில் தவறு நேர்வது அனுமதி கேட்பதில் அல்ல, அதை எழுதி வைக்காததில். வாய்மொழியாகப் பெற்ற அனுமதியை ஐந்தாண்டு கழித்து நிரூபிக்க ஆளிருக்காது; தலைவி மாறியிருப்பார், செயலரும் மாறியிருப்பார். தேதியிட்ட ஒற்றைத் தாள் போதும்: யார் வெளியேறினார்கள், எந்த நாள், எங்கே, யார் பொறுப்பு.

அந்தக் கடைசிச் சொல் முக்கியம். ஈப்பரில் முதிர்ந்து நோயுற்றிருந்த தலைவியை முன்னதாகவே போப்பரிங்கேவுக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்களைத் துணைத்தலைவி மௌரா ஒஸ்டின் நடத்தினார். ஒரே மடம் சில நாள் இரண்டு இடங்களில் இருந்தது. இப்படிப் பிரியும்போது ஒவ்வொரு குழுவுக்கும் தலைவியின் அதிகாரத்தில் எது உண்டு, எது இல்லை என்று சொல்லிவிட வேண்டும்: பணம் செலவழிக்க, தங்குமிடம் ஏற்க, ஒருவரை மருத்துவமனைக்கு அனுப்ப. சொல்லாமல் பிரிந்த குழு இரண்டில் ஒன்றைச் செய்யும். ஒன்று எல்லாவற்றுக்கும் தாமாக முடிவெடுத்துப் பிறகு மனத்தாங்கலில் முடியும். அல்லது எதற்கும் முடிவெடுக்காமல் தெருவில் நிற்கும்.

எதை எடுத்துக்கொண்டு ஓடுவது

ஈப்பர் கன்னியரில் சிலர் போப்பரிங்கேவிலிருந்து குண்டுவீச்சுக்கு நடுவே மறுபடி மடத்துக்குப் போய்ப் பொருள்களை மீட்டுவர வேண்டியிருந்தது. முன்னரே வரிசை முடிவு செய்யப்படாத எந்த மடத்திலும் இதுதான் நடக்கும். பதற்றத்தில் கை முதலில் போவது திருப்பாத்திரங்கள் மேல். கிண்ணத்தை வேறு கோவிலில் கடன் வாங்கலாம். கடன் கிடைக்காதவை தாள்கள்.

முதலில் வார்த்தைப்பாட்டுத் தாள்கள், அதாவது துறவு உறுதிமொழி எழுதிய தாள்கள். ஆசீர்வாதப்பர் எழுதிய மடவிதி நூலான ‘ஒழுங்கின்’ 58-ஆம் அதிகாரப்படி ஒவ்வொருவரும் தம் வார்த்தைப்பாட்டை எழுதி, கையொப்பமிட்டு, பலிபீடத்தின் மேல் வைக்கிறார். அது மடத்திலேயே இருக்கும். ஒருவர் மடத்தைவிட்டுப் போனாலும் அவரிடம் திருப்பித் தரப்படுவதில்லை. யார் எந்த மடத்தைச் சேர்ந்தவர், எந்த நாளிலிருந்து என்பதற்கு அதைவிட உறுதியான சான்று இல்லை. அடுத்து மடம் நிறுவப்பட்ட ஆணை, மடத்து முத்திரை, தேர்தல் பதிவேடு, கன்னியர் சேரும்போது கொண்டுவந்த சீதனத்தின் கணக்கு. சீதனக் கணக்கு தொலைந்தால் ஒரு கன்னியர் வெளியேறும் நாளில் அவருக்கு எவ்வளவு திருப்பித் தருவது என்பதில் வம்பு வரும். இறந்தோர் பட்டியலும் வேண்டும். அது நாள்தோறும் வாசிக்கப்படுவது; முந்தைய தலைமுறைகளோடு குழுவைக் கோத்து வைத்திருக்கும் நூல் அதுதான். கடைசியாகத் திருப்புகழ்மாலை என்னும் மணிச் செபப் புத்தகங்கள், குறைந்தது இருவருக்கு ஒன்று.

ஈப்பரில் 1706 ராமில்லி போரில் அயர்லாந்துப் படையணி கைப்பற்றியதாக மரபு சொல்லும் ஒரு கொடி இருந்தது. அதன் எஞ்சிய துண்டு கைல்மோர் வரை வந்து சேர்ந்தது. பார்க்க வருவோர் அதையே கேட்கிறார்கள். மடத்தின் தொடர்ச்சிக்கு அந்தத் துணியைவிட வார்த்தைப்பாட்டுத் தாள்களே வேலை செய்தவை.

விருந்தாளியாக இருக்கும் காலம்

கடல் கடந்து இங்கிலாந்து போன ஈப்பர் கன்னியரை ஏற்றுக்கொண்டது ஓல்டன் மடம். அதாவது கென்ட் தாய்மடத்தின் வழிவந்த குழு. 250 ஆண்டுக்கு முன் பெற்ற தாய், தானும் 120 ஆண்டுக்கு முன் அகதியாக வந்தவள், மகளுக்குக் கதவைத் திறந்தாள். ஒழுங்கு ஒன்று, உடை ஒன்று, செபம் ஒன்று. எந்த அகதி மடத்துக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு வாய்க்காது.

ஆபத்தும் அங்கேதான். எல்லாமே பொருந்திப்போகும் வீட்டில் ஒரு சிறு குழு ஓரிரு ஆண்டில் கரைந்துவிடும். பகைமையால் அல்ல, வசதியால். பாடற்கூடத்தில் இருக்கை வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கின் 63-ஆம் அதிகாரப்படி ஒருவரது இடத்தை முடிவு செய்வது மடத்தில் சேர்ந்த நாள். வயதும் பட்டமும் இல்லை. இரண்டு மடங்கள் ஒன்றாக உட்காரும்போது விருந்தாளிகளைச் சேர்ந்த நாள்படி கலந்து உட்கார வைப்பதா, தனி வரிசையாக உட்கார வைப்பதா? கலந்தால் அன்பான செயல். ஆனால் ஆறு மாதத்தில் அவர்கள் அந்த மடத்துக்காரர்கள். தனியாக வைத்தால் கொஞ்சம் குளிர்ச்சியாகத் தெரியும். ஆனால் குழு குழுவாக இருக்கும். தனிவரிசைதான் சரி என்பது நம் கணிப்பு. அதோடு வாரம் ஒரு முறையாவது விருந்தாளிக் குழு தனியாகக் கூடவேண்டும். ஒழுங்கின் 3-ஆம் அதிகாரம், முக்கியமான காரியம் எதுவானாலும் இளையவர் உட்பட எல்லாரையும் கூட்டிக் கேட்கச் சொல்கிறது. அந்தக் கூட்டம் நின்ற மடம், வேறொரு மடத்தில் தங்கியிருக்கும் சில தனியாள்களாகிவிடுகிறது.

சட்டமும் இதே கோட்டைத்தான் போடுகிறது. ஒருவர் தன்னாட்சி மடம் ஒன்றிலிருந்து அதே சபையின் இன்னொரு மடத்துக்கு மாற, இரு தலைவியரின் இசைவும், ஏற்கும் மடத்துப் பேரவையின் இசைவும் வேண்டும் (எண் 684). அது நடக்காத வரை அவர் எத்தனை ஆண்டு தங்கினாலும் விருந்தாளிதான். வாக்குரிமை அவருடைய சொந்த மடத்தில். இதை முதல் வாரமே இரு குழுவுக்கும் படித்துக் காட்டிவிட்டால் பாதி மனக்கசப்பு வராது.

ஈப்பர் கன்னியர் ஓல்டனில் நீண்டநாள் இருக்கவில்லை. லண்டனில் தனி வீட்டுக்குப் போனார்கள். வசதி குறைவு, செலவு கூடுதல். ஆனால் அந்த நகர்வால்தான் அவர்கள் தனி மடமாக நீடித்தார்கள்.

முதலில் எழ வேண்டியது மணி

கட்டடம் இல்லாமலும் நடத்தக்கூடிய ஒன்று செப நேரம். பயணத்தில் இருப்போரும் தொலைவில் வேலை செய்வோரும் குறித்த நேரத்தில் இருந்த இடத்திலேயே முழந்தாளிட்டுச் செபிக்க வேண்டும் என்கிறது ஒழுங்கின் 50-ஆம் அதிகாரம். இடப்பெயர்வுக்கென்றே எழுதிய விதி போல இருக்கும்.

அதே ஒழுங்கின் 18-ஆம் அதிகாரம், பங்கீட்டை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் விவிலியத்தின் 150 திருப்பாடல்களும் (சங்கீதங்கள்) ஒரே வாரத்தில் பாடி முடிய வேண்டும் என்கிறது. திரும்ப வருபவற்றைக் கணக்கில் எடுக்காமலேயே நாளொன்றுக்கு இருபதுக்கு மேல். முழு மடத்துக்கு இது சாதாரணம். பயணக் களைப்பில் இருக்கும் ஏழெட்டுப் பேருக்கு இது பளு. பாடற்கூடத்தில் குழு இரண்டாகப் பிரிந்து எதிரெதிரே நின்று அடி மாற்றி அடி பாடும். எட்டுப் பேர் என்றால் பக்கத்துக்கு நால்வர். அதில் ஒருவர் சமையலில், ஒருவர் இருமலில் என்றால் மிச்சம் இருவர். அந்தப் பக்கத்தின் சுருதி இறங்கும். எதிர்ப்பக்கம் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் இறங்கும். பத்தாவது அடியில் எல்லாரும் முனகிக்கொண்டிருப்பார்கள். தொடர்ந்து ஒரு மாதம் இப்படிப் போனால் செபம் கடமையாகச் சுருங்கி, பிறகு ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்வதில் முடியும்.

பட்டறிந்த மடங்கள் செய்வது இது. பாட்டை விட்டு ஒரே தொனியில் நிதானமாக வாசிக்கிறார்கள். காலைப் புகழ், மாலைப் புகழ், இரவுச் செபம் மூன்றுக்கும் எல்லாரும் வந்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொண்டு, பகலின் சிறு மணிச் செபங்களை வேலையிடத்திலேயே முடிக்கிறார்கள். திருப்பாடல்களை இரண்டு வாரத்துக்குப் பரப்பும் முறைகளும் இன்று பெனடிக்ட் சபையில் வழக்கில் உள்ளன. எதைக் குறைத்தாலும் நேரத்தை மாற்றக்கூடாது. குறைந்த செபம் குறித்த நேரத்தில் நடந்தால் மீண்டும் கூட்டிக்கொள்ளலாம். நேரம் தளர்ந்த மடத்தில் கூட்டிக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

நற்கருணைக்கும், அதாவது திருப்பலியில் அர்ச்சித்த அப்பத்துக்கும், நிபந்தனை உண்டு. சிற்றாலயத்தில் நற்கருணை வைக்க வேண்டுமென்றால் அதைப் பேண ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும், கூடுமானவரை மாதம் இரு முறையாவது அங்கே திருப்பலி நடக்க வேண்டும் (எண் 934). புது வீடு பார்க்கும்போது அறைகளை எண்ணுவதற்கு முன் கேட்க வேண்டியது, குருவானவர் எவ்வளவு தூரத்திலிருந்து வருவார் என்பதுதான்.

தலைமையும் இளையோரும்

1916-ல், குழு இன்னும் நிலையான வீடில்லாமல் இருந்தபோதே, மௌரா ஒஸ்டின் தலைவியானார். அவர் பெல்ஜியத்துக்காரர். அயர்லாந்துக்குப் போகும் ஒரு குழுவுக்கு இது வினோதமாகத் தோன்றலாம். ஆனால் ஓட்டத்தை நடத்தியவர் அவர்தான். எல்லாருடைய நிலையும் அவருக்குத் தெரியும். நிலைமை சீரானதும் தேர்தல் வைத்துக்கொள்வோம் என்று தள்ளிப்போடும் மடங்கள் உண்டு. நிலைமை சீராவதற்கே தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவி வேண்டும் என்பதை அவை மறந்துவிடுகின்றன. நிலம் வாங்க, கடன் எழுத, ஆயரோடு பேசத் தற்காலிகப் பொறுப்பாளரின் கையெழுத்து போதாது.

இன்றைக்கு எண்ணிக்கையும் சேர்ந்துகொள்கிறது. 2018-ல் திருப்பீடம் விடுத்த நடைமுறைக் குறிப்பின்படி, இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் ஐந்தாகக் குறைந்தால் மடம் தன் தலைவியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை இழக்கிறது. புது மடம் சட்டப்படி நிறுவப்பட, இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் குறைந்தது எட்டுப் பேர் வேண்டும்; அவர்களில் பெரும்பாலோர் முதுமையில் இருக்கக்கூடாது. பன்னிருவராகப் புறப்பட்டு, மூவர் வேறு மடங்களுக்கு மாறி, இருவர் இறந்து, இருவர் வெளியேறினால் கணக்கு முடிந்தது. ஆகவே சிதறல் காலத்தில் ஒவ்வொரு மாற்ற விண்ணப்பமும் தனிப்பட்ட விஷயம் மட்டுமல்ல.

மிக எளிதில் உடைவது நவதுறவு, அதாவது முதல் வார்த்தைப்பாட்டுக்கு முந்தைய பயிற்சிக் காலம். அதற்கெனக் குறித்த வீட்டில் பன்னிரண்டு மாதம் இருக்க வேண்டும் (எண் 647, 648). தொடர்ந்தோ விட்டுவிட்டோ மூன்று மாதத்துக்கு மேல் அந்த வீட்டுக்கு வெளியே இருந்தால் நவதுறவே செல்லாது. பதினைந்து நாளுக்கு மேற்பட்டால் அந்த நாள்களை ஈடுசெய்ய வேண்டும் (எண் 649). ஓடும் குழுவில் நவதுறவி ஒருவர் இருந்தால், புதிதாகத் தங்கும் வீட்டை நவதுறவு இல்லமாகக் குறிக்கும் ஆணையை உடனே எழுதிவிட வேண்டும். இதைத் தவறவிட்டு, ஓராண்டு கழித்து முதல் வார்த்தைப்பாடும் கொடுத்து, பிறகு அது செல்லாது என்று தெரியவந்தால் எல்லாம் முதலிலிருந்து. ஏற்கெனவே வீட்டையும் நாட்டையும் இழந்த இளம்பெண்ணிடம் அதைச் சொல்ல வேண்டிய நாள் எந்தத் தலைவிக்கும் வரக்கூடாது.

மக்மைனில் பள்ளி

1916-ல் வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தில் மக்மைன் என்ற பழைய கோட்டை வீடு கிடைத்தது. அங்கே சிறிய உறைவிடப் பள்ளி தொடங்கினார்கள். ஈப்பரிலும் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி தந்தவர்கள்தான், தெரிந்த தொழில். ஒழுங்கின் 66-ஆம் அதிகாரம் நீர், ஆலை, தோட்டம், கைத்தொழில்கள் எல்லாம் மடத்துக்குள்ளேயே இருக்கட்டும், துறவிகள் வெளியே அலைய வேண்டாம் என்கிறது. அடைபட்ட கன்னியருக்கு அப்படி உள்ளிருந்தே செய்யும் வேலைகள் அன்று குறைவு: தையல், அப்பம் சுடுவது, புத்தகக் கட்டு, பள்ளி. முதல் மூன்றில் வருவது சில்லறை. பள்ளியில்தான் நிலையான வருமானம், கையோடு வரும் பெற்றோர் வட்டம், எப்போதாவது ஒரு மாணவிக்குத் துறவுக்கான அழைத்தல்.

ஆனால் பள்ளிக்கு விலை உண்டு. ஆசிரியையாக இருக்கும் கன்னியர் பகல் செபத்துக்கு வரமாட்டார். இரவில் பிள்ளைகளின் காய்ச்சல். விடுமுறை வந்தால்தான் மடம் மடமாக இருக்கும். பத்துப் பேரில் ஆறு பேர் பள்ளியில் என்றால் பாடற்கூடத்தைத் தாங்குவது முதியவர்கள். இதைச் சரிக்கட்ட ஒரே வழி, பள்ளி நேரத்தைச் செப நேரத்துக்குள் பொருத்துவது. பெரும்பாலும் நடப்பது தலைகீழ்.

கைல்மோர்: வாங்கியது எவ்வளவு பெரிது

மக்மைன் சிறிது. 1920-ல் கைல்மோர் விலைக்கு வந்தது. மிட்செல் ஹென்றி என்ற செல்வந்தர் 1867-ல் கட்டத் தொடங்கியது; 1903-ல் மான்செஸ்டர் கோமகன் கைக்குப் போய், பிறகு கைமாறிக் கிடந்தது. விலை சுமார் 45,000 பவுண்டு. மாளிகையோடு ஏறத்தாழ 10,000 ஏக்கர், பெரும்பாலும் மலையும் சதுப்பும்.

மாளிகையின் அளவைப் பாருங்கள். சுமார் 40,000 சதுர அடி, எழுபதுக்கும் மேற்பட்ட அறைகள், அதில் 33 படுக்கையறை. குளியலறை நான்கு. விருந்துக்கும் வேட்டைக்கும் கட்டிய வீடு. ஒரு பணக்காரக் குடும்பமும் வேலைக்காரர்களும் கோடையில் தங்கலாம். ஆண்டு முழுவதும் மழை கொட்டும் மலையடியில், உறைவிடப் பள்ளியும் அடைபட்ட மடமும் ஒரே கூரைக்குள் இயங்க அது பொருத்தமான வடிவமே அல்ல. மடத்துக்கு வேண்டியது சிற்றாலயத்தைச் சுற்றிச் சிறு அறைகள், உணவறைக்குக் குறுக்குவழி, வெளியார் கால் படாத ஒரு முற்றம். மாளிகையில் எல்லா வழியும் நடுக்கூடத்துக்குத்தான் வரும். அங்கே விருந்தாளி, மாணவி, கன்னியர் மூவரும் சந்தித்துக்கொள்வார்கள். ஹென்றி தம் மனைவியின் நினைவாகக் கட்டிய அழகான கோதிக் கோவில் வளாகத்தில் இருந்தது. ஆனால் அது ஏரிக்கரையோரம் நடந்து போகும் தூரம். நாளுக்கு ஏழு முறை மழையில் போய்வரும் இடமல்ல. பழைய மாளிகையை மடமாக்க நினைப்பவர்கள் முதலில் தாளில் வரைய வேண்டியது மூன்று தடங்கள்: கன்னியர் நடப்பது, வெளியார் நடப்பது, சமையல்பொருள் வருவது. மூன்றும் ஒரே கதவில் வெட்டிக்கொண்டால் அடைப்பு வெறும் அறிவிப்புப் பலகையாகிவிடும்.

அப்படியானால் வாங்கியது தவறா? இல்லை. 1920-ல் அயர்லாந்தில் சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்தது. பெரிய மாளிகைகளை வாங்க ஆளில்லாத நேரம். பள்ளி நடத்தத் தக்க வேறு கட்டடத்தைப் புதிதாகக் கட்டுவது கனவு. ஆறு ஆண்டு அலைந்த குழுவுக்கு இனி நகரமாட்டோம் என்ற உறுதி வேண்டியிருந்தது. ஆசீர்வாதப்பர் சபையின் வார்த்தைப்பாடுகளில் முதலாவது நிலைத்திருத்தல் அல்லவா. ஆனால் அந்த நாளிலிருந்து மாளிகையைத் தாங்கப் பள்ளி, பள்ளியைத் தாங்கக் கன்னியர் என்று வரிசை திரும்பிவிட்டது. கூரை, ஈயத்தகடு, கொதிகலன் இவற்றுக்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும். மடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கூரைக்குத் தெரியாது.

இன்றைய சட்டம் கடன் விஷயத்தில் கறார்: வழக்கமான வருமானத்திலிருந்து வட்டி கட்ட முடியும், மிக நீளாத காலத்தில் அசலும் அடையும் என்று உறுதியாகத் தெரிந்தாலன்றிக் கடனுக்கு அனுமதி தரக்கூடாது (எண் 639). இந்த விதிக்குப் பின்னால் பழைய காயங்கள் உண்டு. கென்ட்டின் இன்னொரு மகளான போன்ட்வாஸ் மடம் 1786-ல், புரட்சிக்கு மூன்றாண்டு முன்பே, பணமுடையால் கலைந்தது. அதன் கன்னியரில் சிலர் டன்கிர்க் மடத்தில் சேர்ந்தார்கள். அந்த மடத்தை எந்தப் படையும் துரத்தவில்லை.

மற்ற மடங்கள் எப்படித் தேறின

கைல்மோரை எடைபோட இரண்டு மூன்று ஒப்பீடுகள் போதும். காம்ப்ரே மடத்து ஆங்கிலக் கன்னியர் 1793-ல் கைதாகிக் கொம்பியேன் சிறையில் அடைக்கப்பட்டார்கள். சிலர் அங்கேயே இறந்தார்கள். 1794 ஜூலை 17-ல் பாரிசில் தலை வெட்டப்பட்ட 16 கார்மேல் கன்னியர் விட்டுப்போன உடைகளை உடுத்திக்கொண்டு 1795-ல் இங்கிலாந்து சேர்ந்தார்கள். லிவர்பூல் அருகே வூல்டனில் பள்ளி, 1807-ல் ஆபட்ஸ் சால்ஃபோர்டு, 1838-ல்தான் ஸ்டான்புருக்கில் சொந்த இடம். 43 ஆண்டுகள் தற்காலிக வீடுகளில். மெதுவாக நகர்ந்ததால் சுமக்க முடியாத கட்டடம் எதையும் தொடக்கத்திலேயே தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை.

ஜெர்மனியின் ஐபிங்கன் மடத்தை 1941 ஜூலையில் நாஜிகள் காலிசெய்தார்கள். 1945 ஜூலையில் கன்னியர் திரும்பினார்கள். கட்டடம் நின்றிருந்தது, பிரிவு நான்கே ஆண்டு. இது வேறு வகை நிகழ்வு. இங்கே மீட்பு, அங்கே மறுபடைப்பு. சியோன் மடமோ நெதர்லாந்துப் பகுதி, ரூவான் என்று அலைந்து, 1594-ல் லிஸ்பன் சேர்ந்து, 1861-ல் இங்கிலாந்து திரும்பி, எல்லா இடப்பெயர்வையும் தாண்டிய பிறகு 2011-ல் ஆள் குறைந்து மூடப்பட்டது.

தீ, பள்ளி மூடல், அதன் பிறகு

கைல்மோரில் பண்ணை, விருந்தினர் விடுதி, பள்ளி என்று மூன்று வருவாய் இருந்தன. 1959-ல் பிடித்த தீயில் மாளிகையின் ஒரு பகுதி நாசமானது. விடுதி அதோடு நின்றது. மூன்று கால் இரண்டானது. பிறகு பார்வையாளர்களுக்கு வளாகத்தைத் திறந்தார்கள். கோதிக் கோவில் புதுப்பிக்கப்பட்டு 1995-ல் திறந்தது. அதே காலத்தில் ஆறு ஏக்கர் மதில்சூழ் தோட்டத்தை மீட்கும் வேலை தொடங்கியது. ஒரு காலத்தில் 21 கண்ணாடி வீடுகள் இருந்து பாழடைந்த தோட்டம் அது. ஐரோப்பிய அளவில் விருது கிடைக்கும் தரத்துக்கு அதை மீட்டார்கள்.

பள்ளி 2010-ல் மூடப்பட்டது. கற்பிக்கக் கன்னியர் இல்லை என்பதே அடிப்படை. சம்பள ஆசிரியர்களை வைத்து உறைவிடப் பள்ளியைத் தொலைவான மலைப்பகுதியில் நடத்தும் செலவு தாங்காது. முன்கூட்டியே அறிவித்து, சேர்க்கையை நிறுத்தி, இருந்த மாணவியர் முடிக்கும்வரை நடத்தினார்கள். மூடும் விதத்தில் இது சரியான முறை.

பிறகு நடந்ததில் கவனிக்கத்தக்கது, பணம் வரும் வழியையும் துறவு நடக்கும் இடத்தையும் பிரித்தது. 2015-ல் அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தோடு உடன்பாடு. மாளிகையின் ஒரு பகுதி படிப்பு மையமானது. நுழைவுச்சீட்டு, கடை, உணவகம் இவற்றை நடத்துவது சம்பள ஊழியர்கள். சோப்பும் சாக்லேட்டும் கன்னியர் கையில் தொடங்கிய பொருள்கள். ஒழுங்கின் 57-ஆம் அதிகாரம் மடத்துப் பொருளை வெளிச்சந்தையைவிடச் சற்றுக் குறைத்து விற்கச் சொல்கிறது. சுற்றுலா இடத்தில் அது எவ்வளவு நடக்கும் என்பது வாங்குபவருக்கே தெரியும். கன்னியர் வசிக்க மாளிகைக்கு வெளியே, அதே நிலத்தில் தனி மடக் கட்டடம் எழுந்தது. 1920-ல் ஒரே கதவில் வெட்டிக்கொண்ட மூன்று தடங்கள் இப்போதுதான் பிரிந்தன.

இப்போது மடத்தின் முன் இருப்பது வேறு கணக்கு. ஒருவர் வாசலுக்கு வந்த நாளிலிருந்து இறுதி வார்த்தைப்பாடு வரை, 2018 குறிப்பின்படி, குறைந்தது ஒன்பது ஆண்டுகள். அந்த ஒன்பது ஆண்டும் அவரோடு பாடற்கூடத்தில் நிற்கவும், அவரைப் பயிற்றுவிக்கும் பொறுப்பை ஏற்கவும் போதிய மூத்தவர்கள் இருந்தாக வேண்டும்.